இடது ஓரத்துச் சிவப்புப் பட்டை

மாமனார் குளித்துவிட்டு வருவதற்குள் முடித்துவிடலாம் என்றுதான் மாப்பிள்ளை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

சின்ன வேலைதான். திரையின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு பட்டை நின்றுகொண்டிருந்தது. மாமனார் தினமும் திறக்கிற புரோகிராம்கள் எல்லாம் அதற்குள் அடுக்கியிருந்தன. போதாததற்கு அந்தப் பட்டைக்கு யாரோ பளீரென்று சிவப்பு நிறம் வேறு கொடுத்திருந்தார்கள். பார்த்தால் கண் கூசியது. அதைப் பிடித்து இழுத்து வலது ஓரத்தில் நிறுத்திவிட்டால் மாமனாருக்கு எவ்வளவு வசதி என்று நினைத்தார் மாப்பிள்ளை.

ஏன் வலது ஓரம் என்று இந்த வாரம்தான் நம்மோடு வந்து சேர்ந்துகொண்டவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவேண்டும். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வீட்டு மனிதர் ஒரு கட்டட அலுவலகத்தில் பிளான் வரைகிறவர். ஒரு கோடு மயிரிழை கோணினாலும் பொறுக்கமாட்டார். அதனால் அங்கே அவருக்கு ‘ஸ்கேல் சார்’ என்று பெயர். மழை தொடங்கிய சமயத்தில் மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் அடைப்பு வந்து ஒரு காலை நேரத்தில் விழுந்தார். கை கால் பிழைத்தது. பேச்சு பிழைத்தது. இடது பக்கம் மட்டும் அவரை விட்டுப் போய்விட்டது. கண்ணில் கோளாறு எதுவும் இல்லை. இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை மறந்துபோகிறது. முகத்தில் வலது பாதிக்குச் சவரம் செய்துவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்து வருவார். தட்டில் வலது பாதியைச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் போடேன் என்பார்.

அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து மாமியார் வீட்டையே மாற்றி வைத்துவிட்டார். கட்டில் சுவரோடு திரும்பியது. தண்ணீர்ச் செம்பு, கண்ணாடி, துண்டு, மாத்திரை எல்லாம் வலது கைப்பக்கம் குடிவந்தன. பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற அவருடைய தையல் மெஷின்கூட, கணவர் நிமிர்ந்தால் வலது பக்கத்தில் கண்ணில் படுகிற மாதிரி இடம் மாறிவிட்டது.

இன்றைக்கு நாலு மணிக்கு அலுவலகத்து இன்ஜினியர் அம்மா வீடியோவில் வரப்போகிறார். ஒரு பிளானைக் கொடுத்து, இவர் வேலை செய்வதை அங்கே இருந்தபடியே திரையில் பார்ப்பார். சரியாகச் செய்தால் திங்கட்கிழமையிலிருந்து பழைய நாற்காலி. இல்லையென்றால் அந்த நாற்காலிக்கு வேறு ஆள் தயாராக இருக்கிறார். ‘இடது பக்கத்தைப் பத்தி வாயே திறக்காதீங்கப்பா, இப்போ நல்லா ஆயிடுச்சுன்னு சொல்லிடுங்க’ என்று மகள் போனில் சொன்னதும், இவர் தலையாட்டியதும் போன வாரக் கதை. அவளுக்கு ஹோட்டல் வரவேற்பு மேஜையில் இன்று விடமுடியாத வேலை. தனக்குப் பதிலாகப் புருஷனை அனுப்பி வைத்திருந்தாள்.

அந்தப் புருஷன்தான் இப்போது மௌஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

மாப்பிள்ளைக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. ஒரு பெட்டிக்குள் பட்டன் எந்த உயரத்தில், எந்தக் கைப்பக்கம் இருக்கவேண்டும் என்று வருஷக் கணக்காக யோசித்தவர். அந்தக் கண்ணோடு திரையைப் பார்த்ததும் அவருக்கு மனசு கேட்கவில்லை. தெரியாத பக்கத்தில் போய் யாராவது பட்டன் வைப்பார்களா?

பட்டையைப் பிடித்து இழுத்தார். அது அசையவில்லை. வலது கிளிக் செய்தார். நீளமாக ஒரு பட்டியல் விரிந்தது. அவர் கேட்டதைத் தவிர எல்லாம் அதில் இருந்தது. செட்டிங்ஸுக்குள் போனார். அங்கிருந்து இன்னொரு அறைக்குள், அதிலிருந்து இன்னொன்றுக்குள். வந்த வழி மறந்துபோனது. கடைசியில் ஒரு மூலையில், புதிய அப்டேட் தயாராக இருக்கிறது, போட்டுக்கொள்கிறீர்களா என்று கம்ப்யூட்டர் மரியாதையாகக் கேட்டது. பழசாக இருப்பதால்தான் பட்டை நகர மறுக்கிறது என்று மாப்பிள்ளைக்குத் தோன்றியது. சரி என்று அழுத்தினார்.

திரை கறுத்தது. நடுவில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது.

மாமனார் ஈரத் தலையோடு வந்து எட்டிப் பார்த்தபோதும் அது சுற்றிக்கொண்டிருந்தது. என்னாச்சு என்று கேட்டார். ஒண்ணுமில்லை மாமா, நீங்க சாப்பிட்டு வாங்க என்று மாப்பிள்ளை பெரிய தைரியமாகச் சொன்னார். மாமியார் மாப்பிள்ளையின் பக்கம் சேர்ந்துகொண்டார். பாவம், வந்ததும் வராததுமாக உங்களுக்காக உட்கார்ந்திருக்கிறார், தொந்தரவு செய்யாதீர்கள் என்று கணவரைச் சமையலறைக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

வட்டம் நின்று திரைக்கு உயிர் வந்தபோது மாப்பிள்ளைக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சிவப்பைக் காணோம். இடது ஓரத்தில் நின்ற பட்டை திரையின் அடியில், சாம்பல் நிறத்தில், நீட்டிப் படுத்திருந்தது. அதற்குள் அடுக்கியிருந்தவை எல்லாம் வெளியே சிதறிக் கிடந்தன. சரி, கலைந்ததும் நல்லதுதான், இனி வலது பக்கம் நிறுத்திக்கொள்ளலாம் என்று தேற்றிக்கொண்டு மறுபடியும் செட்டிங்ஸுக்குள் நுழைந்தார். பட்டையை எங்கே வைக்கலாம் என்ற கேள்வியே இப்போது அங்கே இல்லை. முன்பு மேலே, கீழே, இடம், வலம் என்று நாலு திசை இருந்ததாக அவருக்கு ஞாபகம். புதிய பதிப்பைச் செய்தவர்கள் மூன்று திசையை எடுத்துவிட்டார்கள். பட்டை கீழேதான் இருக்கும். இஷ்டமிருந்தால் பார், இல்லாவிட்டால் போ.

ஒரு லிஃப்ட்டை இப்படிச் செய்து கொடுத்தால் கட்டடத்துக்காரர்கள் சும்மா விடுவார்களா என்று மாப்பிள்ளை திரையிடமே கேட்டார்.

பட்டைதான் வரவில்லை, ஐகான்களையாவது வலது பக்கம் கொண்டுபோகலாம் என்று ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்தார். கையை எடுத்ததும் அவை இடது பக்கம் ஓடிப்போய் வரிசையில் நின்றன. மறுபடி இழுத்தார். மறுபடி ஓடின. மணி அடித்ததும் வாத்தியார் முன்னால் போய் நிற்கிற பிள்ளைகளைப் போல, அவ்வளவு ஒழுங்கு. தானாக அடுக்கிக்கொள்ளும் வழக்கத்தை எங்கேயோ தேடிப்பிடித்து அணைத்தார். இப்போது நின்ற இடத்தில் நின்றன. ஆனால் ஒன்றின் தலைமேல் ஒன்று ஏறிக்கொண்டது. அதைப் பிரித்தார். நிலைக்குமா பார்க்கலாம் என்று கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டார். பாதி வலத்தில் இருந்தன. பாதி, சொல்லவே வேண்டாம்.

இதற்குள் சமையலறையிலிருந்து இரண்டு தடவை டீ வந்து, இரண்டு தடவையும் ஆறிப்போனது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஒருவழியாக எல்லா ஐகான்களும் வலது ஓரத்தில் அடங்கி நின்றபோது மதியம் ஆகிவிட்டது. அடம் பிடித்த குழந்தையைத் தூங்கவைத்த தாயைப் போல மாப்பிள்ளை அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அழகுக்கு, பின்னணியில் குடும்பப் படம் ஒன்றையும் போட்டார். பிறகு மாமனாரைக் கூப்பிட்டார்.

மாமனார் வந்து உட்கார்ந்தார். திரையைப் பார்த்தார்.

“எல்லாம் உங்க கைப்பக்கம் மாமா. இனிமே தேடவே வேண்டாம்” என்றார் மாப்பிள்ளை.

“அந்தப் பட்டை... அது கீழேதான் இருக்கணுமா?”

“புதுசுல அப்படித்தான் மாமா. தலைகீழா நின்னு பார்த்துட்டேன். பழைய மாதிரி வராது.”

மாமனார் வாயைத் திறந்து மூடினார். பெற்ற மகனாக இருந்திருந்தால் வீடு இரண்டுபட்டிருக்கும். வந்திருப்பது மாப்பிள்ளை. அதுவும் காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் முகம் வாடி நிற்கிறவர். நாக்கு நுனிவரை வந்ததை மென்று விழுங்கிவிட்டு, “ரொம்ப சந்தோஷம் மாப்பிள்ளை. போய்ச் சாப்பிடுங்க” என்றார்.

அந்தச் சந்தோஷத்தில் ஏதோ ஒன்று குறைகிறது என்று மாப்பிள்ளைக்குப் பட்டது. என்னவென்று தெரியவில்லை. சாப்பிட்டுவிட்டு, மாடியில் காய்கிற துணியை எடுத்து வருகிறேன் என்று மேலே போய்விட்டார்.

நாலு மணிக்கு முன் ஒருதரம் பழகிப் பார்த்துவிடலாம் என்று மாமனார் ஒரு பழைய பிளானைத் திறந்தார். ஏதோ ஒரு நூலகத்தின் தரைத்தளம். கதவுகளுக்கு எண் போடவேண்டும். வலது ஓரத்து ஐகானை அழுத்தியதும் வரைகிற புரோகிராம் சட்டென்று திறந்தது. உள்ளதைச் சொல்லவேண்டும், வேலை வேகமாக நடந்தது. வாசிக்கிற அறைக் கதவு, அலமாரி அறைக் கதவு, கழிப்பறைக் கதவு என்று ஒவ்வொன்றாக எண் விழுந்தது. முடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். பயந்த அளவுக்கு ஒன்றுமில்லையே என்று அவருக்கே வியப்பாக இருந்தது.

கழுத்தில் இன்ச் டேப்போடு பின்னால் வந்து நின்ற மாமியார் திரையைப் பார்த்தார். அவருக்குப் பிளான் தெரியாது. கட்டம் கட்டமாகக் கோடு, அங்கங்கே கதவு திறக்கிற வளைவு, அவ்வளவுதான். ஆனால் சட்டையில் ஒரு பட்டன் காஜா விட்டுப்போனால் கண்டுபிடிக்கிற கண்.

“ஏங்க, இந்தக் கதவுக்கெல்லாம் நம்பர் வேண்டாமா?”

“எந்தக் கதவு?”

மாமியார் திரையின் இடது ஓரத்தில் விரலை வைத்தார். அவர் தலையைத் திருப்பினார். விரலைத் தேடிக்கொண்டு மாமனாரின் கண் மெதுவாகப் போனது. அங்கே மூன்று கதவுகள் எண் இல்லாமல் இருந்தன. அதில் ஒன்று, தீப்பிடித்தால் ஆட்கள் வெளியே ஓடுவதற்கான கதவு.



“மாப்பிள்ளை எங்கே?” என்று கேட்டார் மாமனார்.

“மாடியில துணி எடுக்கப் போயிருக்கார்.”

அதன் பிறகு மாமனார் தணிந்த குரலில் சொல்லத் தொடங்கினார். அந்தச் சிவப்புப் பட்டையை இடது பக்கம் நிறுத்தியது வேறு யாருமில்லை, அவர்தான். ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற பெண் சொல்லிக்கொடுத்த வித்தை அது. எது உங்களுக்கு ரொம்பத் தேவையோ அதைக் கொண்டுபோய் இடது ஓரத்தில் வையுங்கள், அந்த ஓரத்துக்குக் கண்ணைப் பறிக்கிற ஒரு நிறம் கொடுங்கள், சிவப்பு தெரிகிறவரை தலையைத் திருப்புங்கள், தெரிந்த பிறகு அங்கிருந்து வலது பக்கம் வாருங்கள் என்று அவள் சொன்னாளாம். முதல் வாரம் அந்தப் பட்டையே அவருக்குத் தெரியவில்லை. தன் புரோகிராமைத் தானே தொலைத்துவிட்டு மணிக்கணக்காகத் தேடியிருக்கிறார். அப்புறம் ஒருநாள் தெரிந்தது. இப்போதெல்லாம் ஒரு பிளானை எடுத்தால் கண் தானாகவே முதலில் சிவப்பைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது. இன்று காலைவரைக்கும்.

“இதை ஏன் என்கிட்ட சொல்லல?” என்றார் மாமியார்.

மாமனார் மௌஸை உருட்டினார்.

“நீ தட்டைத் திருப்பி வைக்கிறது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?”

மாமியாரின் கை இன்ச் டேப்பில் அப்படியே நின்றது. தினமும் கணவர் பாதி சாப்பிட்டு முடித்ததும், பேச்சுக் கொடுத்துக்கொண்டே தட்டை அரை வட்டம் திருப்பிவிடுவார். சாப்பிடாத பாதி வலது பக்கம் வந்துவிடும். அவர் ஒன்றும் தெரியாதவர்போலச் சாப்பிடுவார். அது தன்னுடைய ரகசியம் என்றுதான் மாமியார் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

“நீங்க அரை வயிறா எழுந்துடக் கூடாதேன்னுதான்...”

“தெரியும்மா. ஆனா நீ ஒவ்வொரு தடவையும் திருப்பிக் கொடுத்துட்டா, அந்தப் பக்கம் ஒண்ணு இருக்குன்னு நான் தேடவே மாட்டேன்.”

“அப்போ நான் செஞ்சதெல்லாம் தப்பா?”

“தப்புன்னு யார் சொன்னா? வந்த புதுசுல நீ அப்படிச் செய்யலேன்னா பட்டினிதான் கிடந்திருப்பேன். இப்போ வேண்டாம்னு சொல்லத்தான் வாய் வரல. கட்டிலைத் தனியாவே இழுத்துப் போட்டுட்டு முதுகைப் பிடிச்சுக்கிட்டு நின்னே. அதைப் பார்த்தப்புறம் எப்படிச் சொல்றது?”

மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழவில்லை. அழுகிற ஆள் இல்லை. வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு தைக்கும்போது எப்படி உதட்டை இறுக்கிக்கொள்வாரோ அப்படி இறுக்கிக்கொண்டார்.

வாசலில் ஏதோ விழுகிற சத்தம் கேட்டது. மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். கை நிறைய வைத்திருந்த துணியில் பாதி காலடியில் கிடந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

“மாமா, என்னை நல்லாத் திட்டிடுங்க. எனக்குக் கொஞ்சம் ஆறுதலா இருக்கும்.”

“மாப்பிள்ளையை எப்படிங்க திட்டுறது? பொண்ணு வரட்டும். அவளைத் திட்டிக்கிறேன்.”

மாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. நேராகப் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டார். பழைய பதிப்புக்குத் திரும்பும் வழி இருக்கிறதா என்று தேடினார். இருந்தது. அதற்குப் பல மணி நேரம் ஆகலாம், நடுவில் அணைக்காதீர்கள் என்று ஒரு எச்சரிக்கையும் கூடவே இருந்தது. மூன்று பேரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். நாலு மணிக்கு அதிக நேரமில்லை.

மாப்பிள்ளை கையைப் பிசைந்தார். காலையில் ஒரு மனிதரின் இடது பக்கத்தையே எடுத்துக் கீழே போட்டுவிட்டோம், இனி அதை எங்கிருந்து எடுத்துக் கொடுப்பது என்று தவித்தார்.

யோசித்துக்கொண்டிருந்த மாமனார் மனைவியைப் பார்த்தார். “உன்கிட்ட சிவப்பு நாடா இருக்கா?”

இருந்தது. ஒரு பள்ளிக்கூடத்துச் சட்டைக்குக் காலரில் வைத்துத் தைப்பதற்காக வாங்கின சிவப்பு நாடா, உருளையில் பாதி மிச்சமிருந்தது. மாமியார் கழுத்திலிருந்த இன்ச் டேப்பை எடுத்துத் திரையின் உயரத்தை அளந்தார். தைக்கிற துணிக்கு விடுவதுபோல மேலும் கீழும் ஒரு விரற்கடை கூட விட்டு வெட்டினார். மாப்பிள்ளை ஒட்டுகிற டேப்பைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தார். திரையின் இடது சட்டத்தின்மேல், மேலிருந்து கீழாகச் சிவப்பு நாடா ஒட்டப்பட்டது. பழைய பட்டையைவிட அகலம் குறைவு. ஆனால் எந்த அப்டேட்டும் இதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

“ஐகானெல்லாம்?” என்றார் மாமியார்.

மாப்பிள்ளை முதல்முறையாக லேசாகச் சிரித்தார். “அதுங்களை விட்டாப் போதும் அத்தை. காலையிலிருந்து அங்கே போகத்தான் துடிச்சுதுங்க. நான்தான் மல்லுக்கட்டிப் பிடிச்சு வெச்சிருந்தேன்.” தானாக அடுக்கிக்கொள்ளும் வழக்கத்தை மறுபடி போட்டுவிட்டார். ஒரே நொடிதான். அத்தனையும் இடது ஓரத்துக்கு ஓடிப்போய், நாடாவை ஒட்டி வரிசையில் நின்றன.

நாலு மணிக்கு இன்ஜினியர் அம்மா வந்தார். வயதில் சின்னவர், பேச்சு கச்சிதம். உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். நேரத்தை வீணாக்காமல் ஒரு பிளானை அனுப்பினார். சின்ன மருத்துவமனை ஒன்றின் தரைத்தளம். எல்லாக் கதவுக்கும் எண் போட்டு, அகலம் குறைவாக இருக்கிற கதவு எது என்று சொல்லவேண்டும்.

மாப்பிள்ளையும் மாமியாரும் கேமராவில் படாமல் வலது பக்கக் கதவோரமாக நின்றார்கள். மாமனார் தலையைத் திருப்பினார். நாடா தெரிந்தது. அங்கிருந்து தொடங்கினார். மதியம் பழகியபோது இருந்த வேகம் இதில் பாதிகூட இல்லை. ஒரு வரிசை முடித்துவிட்டு மறுபடி தலையைத் திருப்பி, நாடா தெரிகிறவரை போய், அங்கிருந்து அடுத்த வரிசை. எல்லாம் முடிந்தது என்று மௌஸிலிருந்து கையை எடுத்தவர், என்ன தோன்றியதோ, இன்னொருமுறை இடது ஓரத்துக்குப் போனார். அங்கே மருந்து அறையின் பின்கதவு ஒன்று எண் இல்லாமல் இருந்தது. எண் போட்டார். அகலம் குறைவானதும் அதேதான்.

கதவோரத்தில் மாமியார் மாப்பிள்ளையின் சட்டைக் கையைப் பிடித்திருந்தார். பிடித்திருப்பது அவருக்கே தெரியாது.

“எல்லாம் சரியா இருக்கு சார்” என்றார் இன்ஜினியர் அம்மா. கொஞ்சம் தயங்கினார். “ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்கக் கூடாது. அடிக்கடி அந்தப் பக்கம் திரும்புறீங்களே, பக்கத்துல யாராவது இருந்து சொல்லிக் கொடுக்கிறாங்களா?”

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். கழுத்து வலி என்று சொல்லியிருக்கலாம். மாப்பிள்ளை கதவோரத்திலிருந்து கழுத்தைத் தடவிக் காட்டினார். மகள் சொன்னதும் மாமனாருக்கு மறக்கவில்லை. வேலை சரியாக முடிந்துவிட்டது, வாயைக் கட்டிக்கொண்டால் திங்கட்கிழமை நாற்காலி. ஆனால் மதியம் அந்த நூலகத்தின் மூன்று கதவுகளை அவர் பார்த்திருந்தார்.

“யாரும் இல்லைங்க மேடம். எனக்கு இடது பக்கம் ஞாபகம் இருக்கிறதில்லை. இங்கே சிவப்பா ஒரு நாடா ஒட்டியிருக்கேன். அதைப் பார்த்தாத்தான் அந்தப் பக்கம் ஒண்ணு இருக்குன்னே தெரியும்.”

இன்ஜினியர் அம்மா எழுதுவதை நிறுத்தினார். மாமனார் தொடர்ந்தார்.

“இது இன்னும் முழுசா சரியாகல. சரியாகுமான்னும் தெரியாது. நான் வரைஞ்சா நேரம் கூட ஆகும். யாராவது ஒருத்தர் இடது பக்கத்தை ஒரு தடவை பார்த்துடணும். சொல்லாம வந்து உட்கார்ந்து, ஒரு கதவு விட்டுப்போனா அது வெறும் கோடு இல்லைங்க. அதுக்குள்ள ஆளுங்க இருப்பாங்க.”

இன்ஜினியர் அம்மா பேனாவை மூடி மேஜைமேல் வைப்பது தெரிந்தது. மேலே இருக்கிறவர்களிடம் பேசிவிட்டு இன்றைக்கே கூப்பிடுகிறேன் என்றார். நாலு மணிக்கு வந்தபோது இருந்த அதே கச்சிதமான குரல். அதிலிருந்து எதையும் பிரித்தெடுக்க முடியவில்லை. வைப்பதற்கு முன், அந்தப் பின்கதவை இங்கே ரெண்டு பேர் கவனிக்கலை ஸ்கேல் சார் என்று மட்டும் சொன்னார். திரையில் குடும்பப் படம் வந்து நின்றது.

யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. மாப்பிள்ளை கீழே கிடந்த துணிகளைப் பொறுக்கி மடிக்க உட்கார்ந்தார். நடுவில் மகள் அவருக்குப் போன் செய்தாள். அப்பா சொல்லிட்டாரா என்றுதான் கேட்டிருக்கவேண்டும். சொல்லிட்டாரு, நல்லதாத்தான் சொன்னாரு என்று மாப்பிள்ளை அடக்கமாகப் பேசிவிட்டு வைத்தார்.

மாமியார் டீ போட்டுக்கொண்டு வந்தார். கணவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார். வழக்கம்போல வலது பக்கம் வைக்கப் போன கை பாதியில் நின்றது. மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து, அவருடைய இடது பக்கத்தில் டம்ளரை வைத்தார். எதற்கும் இருக்கட்டும் என்று அவருடைய போனையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். நாடாவில் ஒரு துண்டு மிச்சமிருந்தது. அதை மேஜையின் இடது ஓரத்தில் நீளமாகப் போட்டுவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

“டீ வெச்சிட்டியா?” என்றார் அவர்.

“வெச்சிருக்கேன்.”

எங்கே என்று அவர் கேட்கவில்லை. மாமியாரும் சொல்லவில்லை. மாமனாரின் கை வலது பக்கம் மேஜையைத் துழாவியது. வெறும் மேஜை. மாப்பிள்ளை மடித்துக்கொண்டிருந்த துண்டோடு எழப் போனார். மாமியார் கண்ணாலேயே அவரை உட்காரவைத்தார். டீயிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது.

அப்போது போன் அடித்தது.

மாமனாரின் தலை நிமிர்ந்தது. சத்தம் கேட்கிறது, எங்கிருந்து என்று தெரியவில்லை. வலது பக்கம் பார்த்தார். மடியைப் பார்த்தார். போன் விடாமல் அடித்தது. திரையில் அலுவலகத்தின் பெயர் மின்னுவது எதிரில் இருந்தவருக்கு நன்றாகத் தெரிந்தது. கையை நீட்டினால் எட்டிவிடும். அத்தனை மாதமாக நீட்டிப் பழகின கை. அதை இன்னொரு கையால் பிடித்து மடியில் அழுத்திக்கொண்டார் மாமியார்.

அவர் தலையைத் திருப்பினார். கொஞ்சம். இன்னும் கொஞ்சம். சிவப்பைத் தேடிக்கொண்டு, அவசரப்படாமல், ஒரு கோடு இழுக்கிற மாதிரி.

அடிக்கிற சத்தம் நிற்பதற்குள் அவர் கை போன்மேல் இருந்தது. பக்கத்திலிருந்த டீயையும் அப்போதுதான் பார்த்தார். மனைவியை ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, போனைக் காதில் வைத்தார்.

“சொல்லுங்க மேடம்” என்றார்.